ஆடியில் பொங்கிய பால்

நம்ம நெய்வேலி டவுன்ஷிப் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். "வீடு வாங்கப் போறோம்ப்பா. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. பட்டாவும் விக்கிறவர் பேர்லதான் இருக்கு. இது போதும்ல?" கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு வக்கீல் ஆகிவிட்டீர்கள். ஒருத்தர் தாராளமா வாங்கு என்றீர்கள். ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். இன்னொரு புண்ணியவான் வாஸ்து பார்த்தாச்சா என்று கேட்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. போனில் ஒற்றை விரலால் தட்டி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் தலை நரைத்தவர்கள்தானே, அவசரம் இல்லாமல் படியுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். குவார்ட்டர்ஸில் வளர்ந்த நமக்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது. லைட் எரியவில்லையா, கம்ப்ளெய்ன்ட் கொடுத்தால் ஆள் வரும். குழாய் ஒழுகுகிறதா, அதற்கும் ஆள் வரும். சுவருக்கு மஞ்சள் அடிப்பது கம்பெனி, ஜன்னலுக்குப் பச்சை அடிப்பது கம்பெனி. கொல்லையில் நின்ற பலாமரம்கூட கம்பெனியுடையது, பழம் மட்டும் நம்முடையது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் நிலக்கரித் தூசி படிந்தால் அதை உதறுவது ஒன்றுதான் நம் வீட்டு அம்மாக்கள் செலவில் நடந்த பராமரிப்பு.

அலாட்மென்ட் வந்தால் சாவி கொடுப்பார்கள். அலுமினிய வில்லையில் பிளாக் நம்பரும் வீட்டு நம்பரும் குத்தியிருக்கும். ஒரு ஆள் கூடவே வந்து ஃபேன் ஓடுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான். சாவி கைக்கு வந்தால் வீடு நம்முடையது. இதுதான் நம் அப்பாக்களுக்குத் தெரிந்த சட்டம். வேறு சட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை, ரிட்டயர் ஆகும்வரை.

என் அப்பாவுக்குக் கல்யாணம் தாமதம், பிள்ளைகளும் தாமதம். நான் ஏழாவது படிக்கும்போதே அவருக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது. ஆடி மாதம் நடுவில் கடைசி ஷிப்ட். அப்புறம் கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அம்மாவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். "ஊருக்குப் போயிருவமா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். "எந்த ஊருக்கு?" என்று அம்மா கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாவுக்கு அங்கே போக வீடு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஏன் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

ஆக, பக்கத்து ஊர் வடக்குத்தில் வீடு தேடினோம். தேடிக் கொடுத்தது அப்பாவின் ஷிப்ட் சேக்காளி, எங்களுக்கு போர்மேன் மாமா. மெஷினைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. அதனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் தீர்ப்புதான்.

அவர் காட்டிய வீடு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. சிவப்புச் சிமென்ட் தரை, நடந்தால் கால் சில்லென்று இருக்கும். சமையலறையில் கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல். அதற்கு வெளியே முந்திரி மரம், பழம் விழுந்து கிடந்து புளித்த வாசனை. விற்கிறவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துச் சம்பாதித்து வாங்கிய மனை, அவரே கட்டிய வீடு. அந்தப் பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மனைவியும் போய்விட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. மகன் பண்ருட்டியில் பெரிய கடையாகப் போடப் போவதால் விற்கிறார்.

அப்பா வீட்டைப் பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் போட்டு அணைத்தார். குழாயைத் திறந்தார், மூடினார். ஜன்னல் கண்ணாடியைச் சுண்டினார். போர்மேன் மாமா பின்னாலேயே நடந்து "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டு வந்தார். குவார்ட்டர்ஸ் மாறுகிறவர்கள் மாதிரியே. இந்த வீடு யாருடையது, இன்னும் யாருக்காவது இதில் பாத்தியதை உண்டா என்று அந்த இரண்டு ஆண்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அம்மா அந்தக் கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இருபது வருஷமாகக் கம்பெனி ஜன்னல் வழியாகப் பார்த்தவள். அவள் முகத்தைப் பார்த்தால் வீடு அப்போதே வாங்கியாகிவிட்டது.

"வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன், சுத்தம்" என்றார் போர்மேன் மாமா. "பட்டா இவரு பேர்லயே இருக்கு. இதுக்கு மேல என்னய்யா வேணும்? ஆடி பொறக்கறதுக்குள்ள பாலைக் காய்ச்சிடுங்க. பத்திரத்தை ஆவணியில சாவகாசமா வச்சுக்கலாம்."

விற்கிறவரும் சிரித்த முகமாக, "என்னா சார், உங்கள நம்பாம யார நம்பறது" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். அப்பா அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். பத்திரம் ஆகவில்லை, ஒப்பந்தம்கூட எழுதவில்லை. சாவி வந்துவிட்டதே.

ஆனி கடைசி முகூர்த்தம். விடிந்ததும் போய்விட்டோம். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். பம்ப் ஸ்டவ், ஒரு படி பால், வாழை இலையில் பூ, பழம். அப்பாவும் போர்மேன் மாமாவும் விற்கிறவரும் வெளி அறையில். நானும் தம்பியும் அம்மாவோடு அடுப்பங்கரையில். தம்பி மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். பால் எந்தப் பக்கம் பொங்கும் என்று என்னோடு பந்தயம் கட்டியிருந்தான்.

அப்போதுதான் கொல்லை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். வெயிலில் கறுத்த முகம், துவைத்துத் துவைத்து நிறம் போன நீலச் சேலை. உள்ளே வராமல் நிலைக்கட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். பின்னாளில் இவரை நாங்கள் கம்மாபுரத்து அத்தை என்று கூப்பிடுவோம். அன்றைக்கு அத்தை இல்லை, யாரோ ஒருத்தர்தான்.

"யாரும்மா?" என்றாள் அம்மா.

"வூடு விக்கிறாரே, அவரு தங்கச்சிங்க. கம்மாபுரத்துல கட்டிக் குடுத்திருக்காங்க. இன்னிக்குப் பால் காய்ச்சறாங்கன்னு சொன்னாங்க. எங்கப்பா கட்டுன வூடு. பொங்கறத ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிடறேங்க."

"ஏன் தாயி வெளிய நிக்கிறே, உள்ள வா. உங்கப்பாவுக்கு எத்தனை பிள்ளைக?"

"நானும் அண்ணனுந்தாங்க."

பால் சூடேறி விளிம்பில் பொடிப்பொடியாக நுரை கட்ட ஆரம்பித்தது. அம்மாவின் கை கரண்டியோடு நின்றது.

"வீட்டை விக்கிறதுக்கு நீ எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டியா?"

"நானா? என்னை ஆரும் கேக்கலிங்களே. பட்டா மாத்துனப்பவும் கேக்கல. நான் கட்டிக் குடுத்துட்டவ தானுங்களே."

நுரை எழும்பிவிட்டது. தம்பி "பொங்குது, பொங்குது" என்று குதித்தான். அம்மா குனிந்து ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டாள். புஸ்ஸென்று சத்தம் அடங்கியது. விளிம்புவரை வந்த பால் அப்படியே சட்டிக்குள் இறங்கிப் போனது.

புதுவீட்டில் பால் பொங்க வேண்டும், அதற்குத்தான் காய்ச்சுவதே. பொங்கப் போகிற பாலை அணைத்த பெண்ணை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். சத்தம் நின்றதைக் கேட்டு மூன்று ஆண்களும் உள்ளே ஓடி வந்தார்கள்.

"என்னாச்சு, மண்ணெண்ணெய் தீந்துபோச்சா?" என்றார் அப்பா.

"இந்தப் பிள்ளை கையெழுத்து விழாம இங்க பால் பொங்காது" என்றாள் அம்மா.

விற்கிறவருக்கு முகம் சுருங்கியது. "ஏம்மா, அவளக் கட்டிக் குடுத்தாச்சு. நக போட்டாச்சு. பொங்கலுக்குப் பொங்கல் தவறாம சீர் கொண்டுகினு போறேன். அவளுக்கு இதுல என்னா இருக்குது?"

"இருக்கா இல்லையான்னு அவ சொல்லட்டும்."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போர்மேன் மாமா குறுக்கே வந்தார். "என்ன தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமா. வில்லங்கத்துலதான் ஒண்ணும் இல்லையே?"

"வில்லங்கத்துல வித்தது, வாங்குனது, அடமானம் வச்சதுதானே அண்ணே ஏறும். பெத்த பிள்ளைக எங்க ஏறும்?"

போர்மேன் மாமா பையிலிருந்த வில்லங்கச் சான்றை எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அம்மா சட்டியை இறக்கி, பாதி காய்ந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி அத்தையிடம் கொடுத்தாள். மீதியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, பூ பழத்தை இலையோடு சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்பா மொபெட்டில் முன்னால் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் நடந்தே டவுன்ஷிப்புக்கு வந்தோம்.

பிளாக் முழுக்க அதே பேச்சு. ஸ்டோரில் அரிசிக்கு நின்றால் முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்த்து, "பால் பொங்கலையாமே?" என்பாள். "பொங்கல, அணைச்சேன்" என்று அம்மா திருத்துவாள். அப்பா அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். டிபன் கேரியர் வாங்கக் கை நீட்டுவார், முகம் வேறு பக்கம் இருக்கும். அவருக்கும் பாவம், பயம். அட்வான்ஸ் போய்விடும், குவார்ட்டர்ஸும் போய்விடும், இரண்டு பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒரு மதியம் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சாப்பிடும்போது வெடித்துவிட்டார். "அவன் குடும்ப விவகாரம் நமக்கெதுக்கு? அவன் தங்கச்சி கேட்டாளா உங்கிட்ட?"

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. "எங்கப்பா செத்து வருஷம் திரும்பலை, எங்கண்ணன்மார் ரெண்டு பேரும் வந்து நின்னாகளே, ஞாபகம் இருக்கா? ஒரு சின்னக் கையெழுத்துத் தாயின்னு கூட்டிட்டுப் போனாக. பத்திர ஆபீஸ்ல விடுதலைப் பத்திரம்னு ஒண்ணு. என் பங்கை நானே வேணாங்கறேன்னு எழுதியிருந்துச்சு. போட்டேன். வெளிய வந்து காபி வாங்கிக் குடுத்தாக, ஒரு சேலை எடுத்துக் குடுத்தாக. நீங்களும்தான் கூட நின்னீக. சேலை நல்லா இருக்குன்னு சொன்னீக. இல்லாத பாத்தியதைக்கா எங்கண்ணன்மார் ராத்திரி பஸ் ஏறி நெய்வேலி வரைக்கும் வந்தாக? எனக்குப் பங்கு இருந்ததாலதானே என் கையெழுத்து வேண்டியிருந்துச்சு. அப்ப இந்த மனுஷன் தங்கச்சி கையெழுத்து எங்க?"

அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் அன்றைக்கு டிபன் கேரியர் வாங்கும்போது அம்மா முகத்தைப் பார்த்தார். அவளுக்கு ஏன் ஊரில் போக வீடு இல்லை என்பது எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கம்மாபுரத்துக்கு பஸ் ஏறினாள். தூரத்தில் மைன்ஸிலிருந்து வெட்டிக் கொட்டிய மண் மலைமலையாகத் தெரியும். அத்தை வீடு என்று விசாரித்துப் போனால், அது அத்தை வீடு இல்லை. கணவர் வழிச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பக்கத்தில் ஒண்டியிருந்தார்கள். கணவரின் நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது. அவர் கான்ட்ராக்டில் வேலை செய்துகொண்டிருந்தார், பர்மனென்ட் எப்போது என்று கேட்டுக்கொண்டே.

"நெலம் எடுத்தப்ப பாத்துக்கங்க, எங்க நாத்தனாருங்க அத்தினி பேரையும் தேடிகினு போயி கையெழுத்து வாங்குனாங்க" என்றார் அத்தை. "சட்டம்னாங்க. எங்கப்பா வூட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் வரலிங்க."

"வர வை" என்றாள் அம்மா. "உன் பங்கு பாதி. கேளு."

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேட்டா அண்ணன் வாசப்படி போயிடுங்க, ஒறவே அத்துடும். பொங்கலுக்குக் கரும்பும் துணியும் எடுத்துகினு அது வர்றதுதான் இந்தத் தெருவுல எனக்கு இருக்கற கௌரவம். அதும் போயிடுச்சின்னா நான் என்னாங்க பண்ணுவேன்?"

அம்மா அத்தையின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். காபி, சேலை, எல்லாம். "அதுக்கப்புறம் எங்கண்ணன்மார் வந்தாகளான்னு கேளு. ஒரு பொங்கலுக்கு வந்தாக. அப்புறம் மணியார்டர் வந்துச்சு. அப்புறம் அதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டும் வாசப்படி போச்சு தாயி. எப்படியும் போறதா இருந்தா, பங்கோட போகட்டும்."

அதன் பிறகு அம்மா செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு விசில் அடிக்கத் தோன்றுகிறது. முந்தானையை அவிழ்த்தாள். அப்பா சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாரே, அந்த வடக்குத்து வீட்டுச் சாவி. அதை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள்.

"உங்கப்பா வீடு. போயி இரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே நினைப்புதான். அப்பா என்ன சொல்வார்? அம்மா வேர்க்கடலை வாங்கி எனக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அத்தை போய்விட்டார். கணவர், பாத்திர பண்டம், இரண்டு ஆடு, எல்லாவற்றோடும். நாலு நாள் கழித்து விற்கிறவர் எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டை உதைக்காத குறையாகத் திறந்துகொண்டு வந்தார். அப்பா அப்போதுதான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாவி போன விஷயமே அவருக்குத் தெரியாது.

"என்னா சார் இது? பண்ருட்டியிலருந்து வேற பார்ட்டி வூடு பாக்க வந்தாங்க. போனா என் தங்கச்சி வாசல்ல ஆட்டக் கட்டிகினு ஒக்காந்துகினு இருக்கா. சாவிய யாருகிட்ட குடுத்தீங்க?"

அப்பா கையில் ஒரு பூட்ஸோடு அம்மாவைப் பார்த்தார்.

"உங்க தங்கச்சிகிட்டதாங்க குடுத்தேன்" என்றாள் அம்மா. "வேத்து ஆள்கிட்டயா குடுத்தேன்?"

"அவ வூட்ட விட்டு எறங்க மாட்டேங்கறா. பாதி என்னுதுங்கறா."

"பாதிதானே கேக்குறா? முழுசும் கேக்கலையே?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கரி படிந்த முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய அவர் சிரித்த சிரிப்பில் விற்கிறவர் இன்னும் சூடாகி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே பார்ப்பது? தங்கச்சியை வீட்டைவிட்டுத் துரத்த போலீஸுக்குப் போனால், தங்கச்சிக்கு என்ன பாத்தியதை என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை அவரும் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், அப்புறம் சத்தம் இல்லை.

அப்பா மறுநாள் தானாகவே கடலூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அப்பா சுயமாச் சம்பாதிச்ச சொத்து, உயில் இல்லாமப் போயிட்டா மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாம். பட்டா மாத்திக்கிட்டதால மட்டும் முழுசும் ஒருத்தருக்கு ஆகிடாதாம். வாரிசுச் சான்று கேட்டு வாங்கணுமாம், வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் கிரயம் முழுசுக்கும் செல்லுமாம். இல்லேன்னா நாளைக்கு அந்தப் பொண்ணோட பிள்ளைங்க வந்து நம்ம பிள்ளைங்க மேல கேஸ் போடலாமாம். நீ சொன்னதையேதான் சொன்னாரு. பீஸ் மட்டும் அவரு வாங்கிக்கிட்டாரு."

அம்மா காபி கலக்கப் போனாள். அன்றைக்கு அப்பா காபியில் சர்க்கரை கூடுதல்.

பண்ருட்டியில் கடைக்கு இடம் தருகிறவரிடம் சொன்ன தவணை நெருங்க, விற்கிறவர் இறங்கி வந்தார். ஆளுக்குப் பாதி என்று பேச்சு முடிந்தது. ஆடிப் பெருக்கும் முடிந்த அந்த வாரம் பத்திரப் பதிவு. ஆடியில் யார் பத்திரம் போடுவார்கள்? சார்பதிவாளர் ஆபீஸில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. அம்மா எங்கள் இருவரையும் பள்ளிக்கு லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். "பார்க்கட்டும்" என்றாள்.

பத்திரம் எழுதுகிறவர் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். விற்கிறவர் அவரிடம் குனிந்து, "தங்கச்சிய சாட்சியா போட்டுக்கலாங்களே, அதும் கையெழுத்துதானே" என்றார். கடைசி முயற்சி.

அம்மா காதில் அது விழுந்துவிட்டது. "அவ சாட்சி சொல்ல வரலைங்க. விக்க வந்திருக்கா. விக்கிறவுக இடத்துல ரெண்டு பேரும் வரணும்."

எழுதுகிறவர் தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே எழுதினார். அடுத்து, வாங்குகிறவர் பேர் என்ன என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்ன பேர் அம்மாவின் பேர்.

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்னங்க?"

"நீதானே சாவியை வச்சு ஆட்டம் காட்டினே. நீயே வச்சுக்கோ" என்றார் அப்பா. அப்புறம் மெதுவாக, "அந்தச் சேலைக்கு நானும் கூடத்தானே நின்னேன்" என்றார்.

அத்தை தன் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அம்மா அதற்குப் பிறகு போட்டாள். போன தடவை பத்திர ஆபீஸில் அவள் போட்டது விடுகிறதற்கு. இந்தத் தடவை பெறுகிறதற்கு.

அங்கிருந்து நேரே வடக்குத்து. "ஆடியில எவனாவது பால் காய்ச்சுவானா?" என்று போர்மேன் மாமா தலையில் கைவைத்தார். "நான் காய்ச்சுவேன்" என்றாள் அம்மா. அதே பித்தளைச் சட்டி, அதே ஸ்டவ். அம்மா தீப்பெட்டியை அத்தையிடம் நீட்டினாள். அத்தை பற்றவைக்க, அம்மா பம்ப் அடித்தாள். பால் எழும்பி, நான்கு பக்கமும் வழிந்து, ஸ்டவ்வையே அணைத்துவிட்டுச் சிவப்புத் தரையில் ஓடியது. பந்தயத்தில் நானும் ஜெயித்தேன், தம்பியும் ஜெயித்தான். ஆடியில் காய்ச்சிய வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். நான் படித்தேன், தம்பி படித்தான், அந்தக் கிழக்கு ஜன்னலில் அம்மா சாகும்வரை வெயில் பார்த்தாள்.

அத்தை தன் பங்கில் பக்கத்துத் தெருவிலேயே மனை வாங்கிச் சின்னதாக வீடு கட்டிக்கொண்டார். அவர் பயந்தது மாதிரியே அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை. காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மதியம் என் அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் ஒரு கட்டுக் கரும்பு, கையில் மஞ்சள் கொத்து, சேலை, தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு தெருவே பார்க்கப் போய் நின்றார். "அண்ணன் வந்திருக்கேம்மா" என்றார். அன்றிலிருந்துதான் அவர் எங்களுக்கு அத்தை. ஏழெட்டுப் பொங்கல் கழித்துச் சொந்த அண்ணனும் வந்தார். அப்புறம் அத்தை வீட்டில் இரண்டு கட்டுக் கரும்பு.

இப்போது குரூப்பில் கேட்டவளுக்கு வருகிறேன். வில்லங்கச் சான்று நீ போனிலேயே எடுத்துவிட்டாய், சந்தோஷம். அதில் எழுதியிருப்பதைப் பார்த்தாய் அல்லவா, இனி எழுதாததை விசாரி. இந்தச் சொத்து யார் சம்பாதித்தது, அவருக்கு எத்தனை பிள்ளைகள், கட்டிக்கொடுத்த பெண்கள் எங்கே இருக்கிறார்கள். அதுவரை சாவியை வாங்காதே, பாலைக் காய்ச்சாதே.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் அந்த வடக்குத்து வீட்டை விற்றோம். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, தம்பி கோயம்புத்தூரில், நான் வெளியூரில். வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. வாங்குகிறவர்களோடு வந்த புரோக்கர் பையன் சுறுசுறுப்பான ஆள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அக்காவை ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுக்கச் சொல்லிடுங்க. உங்க ஒருத்தர் பேர்லயே வித்துடலாம், வேலை சுலபம்" என்றான். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தம்பிக்கும் தலை வழுக்கை விழுந்துவிட்டது. மூன்றாவது படித்தபோது இதே வீட்டில் பால் பொங்குகிறது என்று குதித்தவன். அவன் அந்தப் பையனின் தோளில் கைபோட்டுச் சொன்னான். "தம்பி, எங்கக்கா கையெழுத்து விழாம இந்த வீட்ல பால் பொங்காதுப்பா."

பாதி என்னுடையது, பாதி அவனுடையது. இரண்டு பேரும் விற்கிறவர்கள் இடத்தில் கையெழுத்துப் போட்டோம். பதிவு முடிந்து வெளியே வந்ததும் வாங்கியவருக்குப் பக்கத்தில் நின்ற அவர் மனைவியைக் கூப்பிட்டு, சாவியை அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன்.